தாத்தா இறங்கிய சுரங்கமும் நட்சத்திரங்களும்

போன வாரம் என் பையன், "அப்பா, கேஜிஎஃப்ல நிஜமாவே அடிதடிதானா?" என்றான். 2018-ல் வந்த சினிமா செய்த வேலை! தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எனவே இந்தப் பதிவு. நான் பி.காம். படித்த வங்கிக்காரன், இயற்பியல் பாடம் எதிர்பார்க்காதீர்கள் :-)

விண்ணிலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பொழிகின்றன. அவை காற்றில் மோதும்போது நியூட்ரினோ என்ற துகளும் பிறக்கும். எதிலும் ஒட்டாமல் பூமியையே ஊடுருவிப் போய்விடும். மேலே நின்று அதைத் தேடுவது, ஒண்ணாம் தேதி வங்கிக் கூட்டத்தில் ஒரு காசு விழும் சத்தத்தைக் கேட்பது மாதிரி. கூட்டத்தைத் தடுக்கக் கதவு வேண்டும். கோலாரில் அந்தக் கதவு, கிலோமீட்டர் கணக்கில் பாறை.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் போன்றோர், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். மேலிருந்து வருவது மிச்சம்மீதிக் காஸ்மிக் கதிராக இருக்கலாம். பக்கவாட்டில் பாய்ந்து வருவது, பாறைக்குள் நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகத்தான் இருக்க முடியும். அவர்கள் கட்டுரை 1965 ஆகஸ்ட் 15-ல் வெளியானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ரெய்ன்ஸ் குழு பிப்ரவரியிலேயே பார்த்துவிட்டது. ஆனால் அவர்கள் கட்டுரை இரண்டு வாரம் கழித்துதான் வந்தது. பெருமையை இரண்டு கணக்கிலும் வரவு வைப்பதே நியாயம்.

இதில் நட்சத்திரம் எங்கே? பெரிய நட்சத்திரம் நொறுங்கும்போது அதன் ஆற்றலில் 99 சதவீதம் நியூட்ரினோவாகவே போய்விடும் என்று கணினியில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 1987 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் கமியோகாண்டே சுரங்கக் கருவி, வெடித்த ஒரு நட்சத்திரத்திலிருந்து 11 நியூட்ரினோக்களைப் பிடித்தது. கணக்கு சரியாக இருந்தது. புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கக் கட்டிய கருவி அது. அதே தேடல் 1980களில் கோலாரிலும் நடந்தது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்தப் பாறையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன நம் ஜனங்கள். விஞ்ஞானக் கட்டுரையில் அவர்கள் பெயர் இல்லை. அது வழக்கமும் இல்லை. தாத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம், "கீழே சயின்டிஸ்ட்டுங்க பெட்டி வச்சிருக்காங்க" என்பது மட்டும்தான்.

பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கொள்ளுத்தாத்தா தோண்டலைன்னா கருவியை எங்க வச்சிருப்பாங்க?" என்றான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லிப் பாருங்களேன்.