கைகளை எடுத்த பின்னர் சாரதி யார்?

1914 ஆம் ஆண்டு ஜூன் மாதம். பாரிஸ் நகருக்கு அண்மையில் செய்ன் நதியின் மேலாகப் பறந்து வந்த சிறு விமானமொன்றில் இருந்த லோரன்ஸ் ஸ்பெரி என்ற அமெரிக்க இளைஞர், கரையில் திரண்டிருந்தோர் காணும்படி தமது இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். அவருடைய உதவியாளரோ இறக்கையின் மீது நடந்து காட்டினார். சுழலும் சில்லுகளைக் கொண்ட கருவியொன்று விமானத்தைத் தானே சமநிலையில் வைத்திருந்தது. 'கைகளை எடுத்துவிடலாம்' என்ற நூறாண்டுக் கனவின் தொடக்கம் அக்காட்சியே எனலாம்.

அக்கனவு தரைக்கு இறங்கிய கதையும் சுவையானது. சிறுவயதிலேயே பார்வையை இழந்த ரல்ப் ரீற்றர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், மோட்டார் வண்டியின் வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கும் சாதனத்துக்கு 1950 இல் காப்புரிமை பெற்றார். 1958 இல் கிறைஸ்லர் நிறுவனம் அதனைத் தனது கார்களில் பொருத்தி விற்றபோது அதற்குச் சூட்டிய பெயர் 'ஓட்டோ பைலட்'. வேகத்தை மாத்திரம் பிடித்து வைத்திருந்த ஒரு சாதனத்துக்கு விமானியின் பெயர்! பொருளுக்கு மிஞ்சிய பெயரைச் சூட்டும் வழக்கம் இத்துறைக்குப் புதியதன்று என்பதை வாசகர்கள் மனங்கொள்ள வேண்டும்.

ஆனால் வானத்துக்கும் வீதிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உயரத்தில் பறக்கும் விமானத்தில் கருவி தவறினால், நிலைமையைப் புரிந்துகொள்ள விமானிக்குப் பெரும்பாலும் சிறிது அவகாசம் கிடைக்கும். வீதியில் கிடைப்பது ஓரிரு செக்கன்கள் மாத்திரமே.

அந்த ஓரிரு செக்கன்களில் மனிதன் விழித்திருப்பானா? இக்கேள்விக்கான விடை கார்களுக்கு வெகு முன்னரே கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய வான்படையின் ராடார் திரைகளை மணிக்கணக்காகப் பார்த்திருந்தோர், தெளிவாகத் தோன்றிய சைகைகளையும் தவறவிட்டனர். அதன் காரணத்தை ஆராய்ந்த உளவியலாளர் நோர்மன் மக்வேர்த், அரிதாக நிகழும் ஒன்றுக்காகக் காத்திருப்பவரின் கவனம் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே சரியத் தொடங்குவதை 1948 இல் எடுத்துக் காட்டினார். 1983 இல் பிரித்தானிய உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் இன்னும் ஒருபடி மேலே சென்றார். மனிதனை நம்ப முடியாது என்று கூறி இயந்திரத்தைக் கொண்டுவருகின்றவர்கள், இயந்திரத்தால் இயலாத மிகக் கடினமான வேலையை அதே மனிதனின் தலையிலேயே கட்டிவிடுகின்றனர் என்பது அவரது வாதத்தின் சாரம்.

பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி புரிந்தோர்க்கு இது புரியாத விடயமன்று. ஏற்கனவே ஒருவர் ஒப்புநோக்கிய பக்கத்தை இரண்டாமவரிடம் கொடுத்தால், அவர் அதனைப் பார்ப்பார்; வாசிக்கமாட்டார். இளம் வயதில் நானும் அவ்வாறு ஒரு பக்கத்தில் கையொப்பமிட்டேன். பந்திகளெல்லாம் சுத்தமாக இருந்தன. பிழை இருந்தது தலைப்பில். விடிந்ததும் குற்றவாளி நானே. இரண்டாம் பார்வை என்ற அந்த ஏற்பாடு ஏன் உறங்கிற்று என்று எவரும் கேட்கவில்லை. அன்று அச்சில் ஏறியது பிழை மாத்திரமே. வீதியில் ஏறுவது உயிர்ப்பலி.

ரெஸ்லா நிறுவனம் 2015 ஒக்ரோபரில் தனது 'ஓட்டோபைலட்' வசதியை வழங்கத் தொடங்கியது. 2016 மே 7 ஆந் திகதி புளோரிடாவின் வில்லிஸ்டன் அருகே, நெடுஞ்சாலையைக் குறுக்கறுத்துத் திரும்பிய பாரவூர்தியின் அடியில் அவ்வசதியுடன் ஓடிய கார் ஒன்று புகுந்தது. சாரதி உயிரிழந்தார். காரும் தடுப்பை அழுத்தவில்லை; சாரதியும் அழுத்தவில்லை. அப்பயணத்தில் ஓட்டோபைலட் இயங்கிய 37 நிமிடங்களில் சாரதியின் கைகள் சுக்கானில் இருந்ததாகப் பதிவானது 25 செக்கன்கள் மாத்திரமே. பாரவூர்தி வழிவிடத் தவறியதையும் கார்ச் சாரதியின் கவனமின்மையையும் குறிப்பிட்ட அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, அவ்வளவு நேரம் கவனமின்றி இருப்பதற்கு இடமளித்த வடிவமைப்பையும் 2017 இல் சுட்டிக்காட்டியது. ஆயினும் 2019 மார்ச்சில் அதே புளோரிடாவில், டெல்ரே பீச் என்ற இடத்தில், ஏறத்தாழ அதே விபத்து மீண்டும் நிகழ்ந்தது.

2018 மார்ச் 18 ஆந் திகதி இரவு அரிசோனாவின் ரெம்பி நகரில் நிகழ்ந்தது இன்னும் வேதனையானது. துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த 49 வயதுப் பெண்ணை, ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 செக்கன்களுக்கு முன்னரே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனமா, வேறு பொருளா, துவிச்சக்கர வண்டியா என்று மாறிமாறி வகைப்படுத்திக் காலத்தைக் கழித்தது. கடவைக்கு வெளியேயும் மனிதர் வீதியைக் கடப்பர் என்பது அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கவில்லை. அந்த வொல்வோ காரில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்த அவசரத் தடுப்பு வசதியும் சோதனையின்போது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. முன்னர் இருவர் இருந்து கண்காணித்த இடத்தில், சில மாதங்களாக ஒருவரே இருந்தார். அவர் கைத்தொலைபேசியில் தொலைக்காட்சி நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் மீது குற்றவியல் வழக்கு இல்லை. அந்த ஒருவர் 2023 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார்.

அவர் குற்றமற்றவர் என்று நான் கூறவில்லை. குற்றம் அவரோடு முடிந்துவிட்டதா என்பதே கேள்வி.

காலம் சிறிது மாறியிருக்கிறது. சாரதியின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாதென்ற காரணத்தால், 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரெஸ்லா கார்களின் மென்பொருளை மாற்றவேண்டி வந்தது. 2025 ஓகஸ்டில் மயாமி நகர யூரிமார், 2019 இல் ஓர் இளம்பெண்ணைப் பலிகொண்ட விபத்தில் மூன்றிலொரு பங்கு பொறுப்பு ரெஸ்லாவுடையது எனக் கண்டு, ஏறத்தாழ 24 கோடி 30 இலட்சம் டொலர் செலுத்துமாறு தீர்ப்பளித்தனர். கீழே விழுந்த தொலைபேசியை எடுக்கக் குனிந்த சாரதிக்கே மிகுதிப் பொறுப்பு. மேன்முறையீடு செய்யப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

இத்தொழில்நுட்பம் முழுவதும் தீங்கானது என்பது என் முடிவன்று. மனிதன் வண்டியை ஓட்ட, அவன் தவறும் கணத்தில் தானே தடுப்பை அழுத்தும் கருவி, முன்செல்லும் வாகனத்தில் மோதும் விபத்துகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருப்பதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கே மனிதன் ஓட்டுகிறான், இயந்திரம் காவல் இருக்கிறது. இயந்திரத்துக்குச் சலிப்பு இல்லை. ஆகவே அக்காவல் பொருந்துகிறது. இயந்திரத்தை ஓடவிட்டு மனிதனைக் காவலுக்கு இருத்தும்போதுதான் ஒழுங்கு தலைகீழாகிறது. ரெம்பியில் அன்றிரவு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது அந்த உறங்காத காவலாளி. விழித்திருக்கப் பணிக்கப்பட்டவரோ ஒரு மனிதர்.

ஸ்பெரி கைகளை உயர்த்தியபோது கரையில் நின்றவர்கள் ஆரவாரித்தனர். ஆனால் பின்னர் அவர் தமது இருக்கையையும் விட்டு எழுந்தார் என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.