22 ஆண்டுகள் பொறுத்த பணம்

அறிவியல் ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: முடிவு எப்போது கிடைக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாக்ஸ் பெருட்ஸுக்கு 22 ஆண்டுகள் ஆயின.

1914-ல் வியன்னாவில் பிறந்த பெருட்ஸ், 1936-ல் ஆராய்ச்சி செய்ய இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்கு வந்தார். மறு ஆண்டே, இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் வடிவத்தை எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டறிய முற்பட்டார். சுமார் 10,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறு அது! சில பத்து அணுக்கள் கொண்ட பொருளின் வடிவத்தைக் காண்பதே அன்று பெரும்பாடு. உடன் படித்தவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்ததில் வியப்பில்லை.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியதும் வீட்டிலிருந்து வந்த பணம் நின்றுபோனது. ஆய்வகத் தலைவர் லாரன்ஸ் பிராக், அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் உதவி கேட்டார். எண்ணெயில் சம்பாதித்த பணம் அது. அதன் அறிவியல் பிரிவுத் தலைவர் வாரன் வீவர்தான் 'மூலக்கூறு உயிரியல்' என்ற பெயரையே 1938-ல் எழுத்தில் கொண்டுவந்தவர். 1939 தொடக்கத்திலிருந்து உதவித்தொகை கிடைத்தது.

பிறகு போர் வந்தது. 1940-ல் பெருட்ஸை 'எதிரி நாட்டவர்' என்று பிடித்துக் கனடாவுக்கு அனுப்பினார்கள். 1941-ல்தான் திரும்பினார். 1947-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் அவருக்காக ஒரு சிறு பிரிவைத் தொடங்கியது. அதில் இருந்தவர்கள் அவரும் ஜான் கெண்ட்ரூவும் மட்டுமே. அதுவரை பத்தாண்டு உழைப்புக்கு எதுவும் கைக்கு வரவில்லை. அவர் முன்வைத்த ஒரு மாதிரி தவறு என்று அதே பிரிவில் சேர்ந்த பிரான்சிஸ் கிரிக் காட்டினார். அப்போதும் பணம் நிறுத்தப்படவில்லை.

1953-ல் வழி திறந்தது. ஹீமோகுளோபினோடு பாதரச அணுக்களைச் சேர்த்துப் படம் எடுத்து, இரண்டு படங்களையும் ஒப்பிட்டார் பெருட்ஸ். 1959-ல் வடிவம் தெரிந்தது. 1962-ல் அவரும் கெண்ட்ரூவும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இடையில், 1953-லேயே, கிரிக்கும் வாட்சனும் அந்தப் பிரிவில் இருந்துகொண்டே டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொல்லிவிட்டார்கள். புரதத்துக்காகக் கொடுத்த பணத்துக்கு இப்படியும் ஒரு வட்டி!

அந்தப் பிரிவு வளர்ந்து பெரிய ஆய்வகமாயிற்று. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 1999-ல் அமெரிக்காவின் யூட்டாவை விட்டு அங்கே சென்றார். சம்பளம் குறைவு. ஆனால் ரைபோசோம் போன்ற, தோற்றுப்போகக்கூடிய பெரிய வேலைக்கு அங்கே நிலையான ஆதரவு இருந்தது. ரைபோசோமின் சிறிய பகுதியின் வடிவத்தை அவரது குழு 2000-ல் வெளியிட்டது. நோபல் பரிசு 2009-ல் வந்தது.