எம்டன் குண்டும் எண்ணூர்த் தொட்டிகளும்

1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன், சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. தேடுவிளக்கைப் பாய்ச்சி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலில் சிலர் மாண்டனர். உயர் நீதிமன்ற வளாகத்தில் குண்டு விழுந்த இடத்தில் இன்றும் ஒரு கல்வெட்டு உண்டு. அடுத்த நாட்களில் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள்.

அந்தத் தாக்குதல் குற்றமா? அன்றைய அளவுகோல் 1907ஆம் ஆண்டின் ஒன்பதாவது ஹேக் உடன்படிக்கை. காவலற்ற துறைமுகங்களைச் சுடக் கூடாது என்றது அது. ஆனால் எதிரிக் கடற்படைக்குப் பயன்படக்கூடிய கிடங்குகளையும் ஆலைகளையும் அந்தத் தடையிலிருந்து விலக்கியது. சென்னையிலோ கரைப் பீரங்கிகளே இருந்தன. அவை திருப்பியும் சுட்டன. ஆக, எம்டனின் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் சட்டத்துக்கு உள்ளேயே நின்றார் என்பதே என் முடிவு. முன்னெச்சரிக்கை தரவில்லையே என்றால், போர் நிலைமை இடம் கொடுத்தால் மட்டுமே அது கடமை என்று அதே உடன்படிக்கை வழிவிட்டிருந்தது.

போருக்குப் பிறகு, வெர்சாய் உடன்படிக்கைப்படி போர்க்குற்றம் சாட்டிக் கேட்கப்பட்டவர்களை ஜெர்மனி ஒப்படைக்க மறுத்தது. 1921இல் லைப்சிக் நகரில் தானே விசாரணை நடத்தியது. லாண்டவரி காசில் என்ற மருத்துவக் கப்பலை மூழ்கடித்தபின் உயிர்காப்புப் படகுகளையும் சுட்ட வழக்கில் இரு அதிகாரிகளுக்கு நான்கு ஆண்டுச் சிறை. கட்டளையிட்ட தளபதியோ பிடிபடவேயில்லை. மேலிடத்து உத்தரவு என்ற சாக்கு வெளிப்படையான குற்றத்துக்குச் செல்லாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. பின்னால் நியூரம்பர்க்கில் வேரூன்றிய கொள்கைக்கு முன்னோடி அதுதான். சென்னைத் துறைமுகத்தில் மாண்டவர்களுக்காக அங்கே எந்த வழக்கும் இல்லை.

1998 ஜூலை 17இல் ஏற்கப்பட்ட, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சட்டம், ராணுவப் பயனுக்கு மிஞ்சிய பொதுமக்கள் இழப்பையும் நீடித்த சுற்றுச்சூழல் சேதத்தையும் தெரிந்தே விளைவிப்பதைப் போர்க்குற்றமாக்கியது. வாக்கெடுப்பில் இந்தியா விலகி நின்றது. இன்றுவரை உறுப்பினரும் அல்ல. பாதுகாப்புச் சபைக்குக் கொடுத்த அதிகாரமும், அணு ஆயுதத்தைக் குற்றப் பட்டியலில் சேர்க்காததும் அதன் முக்கிய ஆட்சேபங்கள். இரண்டும் நியாயமானவையே.

எம்டன் சுட்ட சென்னைக் கரையில், ராயபுரத்துக்கு வடக்கே இன்று எண்ணூர் வரைக்கும் துறைமுகம், அனல்மின் நிலையம், உர ஆலை. அருகே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வீட்டைவிட்டு ஓடினார்கள். போரில்லாத நாளின் கதை இது.

ஆபத்தான நிலையங்களுக்கெனத் தனிப் பாதுகாப்பு தரும் ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, 56ஆம் பிரிவில் அணைகள், கரைத்தடுப்புகள், அணுமின் நிலையங்கள் ஆகியவற்றை மட்டுமே சொல்கிறது. வேதியியல் ஆலைகள் அதில் இல்லை. இந்தியா அந்த நெறிமுறையிலும் சேரவில்லை. 1988 டிசம்பர் 31இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆண்டுதோறும் ஜனவரி 1இல் பட்டியல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. கல்பாக்கம் அணுமின் நிலையம் போன்றவை அந்த ஒப்பந்த வரம்புக்குள் வரும். எண்ணூரின் அமோனியாத் தொட்டிகளுக்கு அப்படியோர் ஒப்பந்தம் கிடையாது.