ஸ்டாக் என்றால் கட்டை!

மளிகைக் கடைக்காரர் 'ஸ்டாக் இல்லை சார்' என்கிறார். பங்குத் தரகர் 'ஸ்டாக் ஏறுது சார்' என்கிறார். ஹோட்டல் சமையல்காரருக்கு ஸ்டாக் என்றால் எலும்பையும் காய்கறியையும் கொதிக்கவைத்து இறக்கிய சாறு. துப்பாக்கி பிடிப்பவருக்கோ, தோளில் பதிகிற மரக்கட்டை. ஒரே வார்த்தைக்கு ஏன் இத்தனை வேஷம்?

பி.காம். படித்தபோது 'க்ளோஸிங் ஸ்டாக்' கணக்கை எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். பாடப்புத்தகம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பழைய ஆங்கிலத்தில் ஸ்டாக் என்றால் அடிமரம். துப்பாக்கிக் கட்டை அதன் நேர் வாரிசு. குற்றவாளியின் காலை மாட்டிவைக்கும் தொழுமரத்துக்கும் அதே பெயர்தான். அடிமரத்திலிருந்து மூலம், அடிப்படை, கையிருப்பு என்று அர்த்தங்கள் கிளைவிட்டன. சரி, பணத்துக்குள் கட்டை எப்படி நுழைந்தது?

12-ம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு வாருங்கள். அரசாங்க கஜானாவில் பணம் கட்டினால் காகித ரசீது கிடையாது. ஒரு குச்சியை எடுத்து, தொகைக்கேற்ப வெட்டுப் போடுவார்கள். ஆயிரம் பவுண்டு என்றால் உள்ளங்கை கனத்துக்கு வெட்டு. நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு பார்லி மணி. பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். நீளமான பாதி பணம் கொடுத்தவருக்கு. அதுதான் ஸ்டாக்! குட்டைப் பாதியான 'ஃபாயில்' கஜானாவில் இருக்கும். கணக்குத் தீர்க்கும் நாளில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டும் பொருந்தணும், மரத்தின் ரேகையும் பொருந்தணும். கூடுதலாக ஒரு கோடு கீறி ஏமாற்ற ராஜாவாலும் முடியாது.

ஆனால், ராஜாவுக்கு வேறு வழி தெரிந்திருந்தது. கையில் காசில்லாதபோது, இனிமேல் வரப்போகும் வரியைக் காட்டிக் குச்சியை நீட்டினார். வாங்கியவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவசரத்துக்குத் தள்ளுபடி விலையில் அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்கள். 1694-ல் பிறந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்து, 1697-ல் மூலதனத்தைப் பெருக்கியபோது, புதுப் பங்குக்கான பணத்தில் ஐந்தில் நான்கு பாகத்தைக் குச்சியாகவே வாங்கிக்கொண்டது!

குச்சிகளை ஒழிக்க 1782-ல் சட்டம் வந்தது. ஆனால், அந்த வேலையில் உட்கார்ந்திருந்தவர்களின் காலம் முடியட்டும் என்று 1826 வரை இழுத்தடித்தார்கள். மிஞ்சிய குச்சிகளை என்ன செய்வது? ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாமே என்று 1855-ல் சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு கூட்டத்தில் கிண்டலடித்தார்.

கொடுக்கவில்லை. 1834 அக்டோபர் 16 அன்று, இரண்டு வண்டிக் குச்சிகளைப் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த உலைகளில் திணித்தார்கள். மத்தியானம் சபையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு ஷூவைத் தாண்டித் தரை சுட்டது. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் தீ கிளம்பியது. விடிவதற்குள் பாராளுமன்றத்தின் இரண்டு சபைகளும் சாம்பல். பிக் பென் கோபுரத்தோடு நாம் படங்களில் பார்க்கிறோமே, அந்தக் கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது.