மியூசிக் சிஸ்டத்துக்குத் தனி லைன்: மூன்றாவது முனையின் கதை

நம் வீட்டுச் சுவரில் சிறிதும் பெரிதுமாக இரண்டு வகை பிளக் பாயிண்ட் இருப்பது ஏன்? பிரிட்டனில் 1934-ல் வந்த பி.எஸ். 546 தரநிலையின் 5, 15 ஆம்பியர் உருண்டை முனைகளின் வாரிசுகள் அவை. இப்போது 6, 16 என்று போட்டிருக்கும். பிரிட்டன் 1947-ல் 13 ஆம்பியர் செவ்வக முனைக்கு மாறியது. செம்பை மிச்சப்படுத்த, ஒரே கம்பி வளையத்தில் பல பாயிண்ட்களைக் கோத்தது. நாம் பழைய உருண்டை முனையை விடவில்லை. டி.பி.யிலிருந்து தனித்தனி லைன் இழுப்பதே நம் வழக்கம்.

ஆகவே ஆம்ப்ளிஃபயருக்குத் தனி லைன், தனி எம்.சி.பி. போடுவது எளிது. ஆனால் 'ம்ம்ம்' இரைச்சல் போக எர்த் கம்பியைக் கழற்றிவிடாதீர்கள். மூன்றாவது முனை வந்ததே உயிர் காக்கத்தான். லைன் தனியாக இருக்கட்டும். எர்த் கட்டடத்தின் பொது எர்த்தாகவே இருக்கட்டும்.