தகவல் தொழில்நுட்ப இளமாணிப் பாடங்களும் சப்ரகமுவத் தோட்டப்புற மாணவரும்

தகவல் தொழில்நுட்ப இளமாணிப் பட்டம், ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலையைக் கணினியால் நடத்தப் பயிற்றும் படிப்பு. ஏசிஎம், ஐஈஈஈ ஆகிய அமைப்புகள் பங்கேற்று வெளியிட்ட 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட அறிக்கை, கணினித் துறையைக் கணினிப் பொறியியல், கணினி விஞ்ஞானம், தகவல் முறைமைகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல் என ஐந்தாக வகுத்தது. இலங்கையில் பட்டப் பெயர்கள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுகின்றன. விண்ணப்பிக்கும் மாணவர் பெயரை விட்டுப் பாடப் பட்டியலைப் பார்ப்பதே நல்லது.

முதலாம் ஆண்டில் கணினி முறைமைகள், நிரலாக்க அடிப்படை, இணையச் செயலி உருவாக்கம், முறைமைப் பகுப்பாய்வு, தரவுத்தளம் ஆகியவை பொதுவாக வரும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை எடுத்துப் பைதன் பழகியவருக்கு நிரலாக்கம் அவ்வளவு புதிதாக இராது.

தோட்டத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே உதாரணம் உள்ள பாடம் தரவுத்தளம். தோட்டத்துச் செக்ரோலை, அதாவது நாள் வேலைப் பதிவேட்டை, எடுத்துக்கொள்வோம். ஒருவரின் பெயர், குடியிருக்கும் லயம், சேமலாப நிதி இலக்கம், அன்று முழுப்பேரா அரைப்பேரா (முழு நாள் கணக்கா அரை நாள் கணக்கா), எத்தனை கிலோ கொழுந்து என்று எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் நாள்தோறும் எழுதினால், மாறாத விவரங்களும் தினமும் திரும்பத் திரும்ப ஏறும். அவர் வேறு லயத்துக்குப் போனால் பழைய வரிகள் அனைத்தையும் திருத்த வேண்டும். ஒரு வரி தப்பினாலும் ஒரே ஆள் இரண்டு லயங்களில் இருப்பதாகக் கணக்குக் காட்டும். ஆட்களின் விவரத்துக்கு ஓர் அட்டவணை, நாள் வேலைக்கு இன்னோர் அட்டவணை என்று பிரித்து, தொழிலாளியின் இலக்கத்தால் இரண்டையும் இணைத்தால் அந்தச் சிக்கல் தீரும். இயல்பாக்கம் என்று விரிவுரையில் கற்பிப்பது இதைத்தான். அதன்பின் மாதச் சம்பளத்துக்கு எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதை எஸ்கியூஎல் மொழியில் சில வரிகளில் கேட்டுவிடலாம்.

அடுத்த ஆண்டுகளில் தரவுக் கட்டமைப்பு, பொருள்நோக்கு நிரலாக்கம், வலையமைப்பு, மென்பொருள் பொறியியல், தகவல் பாதுகாப்பு, செயற்றிட்டம் ஆகியவை சேர்கின்றன. கணிதத்தில் கணங்கள், தருக்கம், வரைபுக் கோட்பாடு, நிகழ்தகவு எல்லாம் உண்டு. கணிதமும் விஞ்ஞானமும் தமிழில் கற்பிக்க ஆசிரியர் போதாத தோட்டப் பாடசாலைகளிலிருந்து வருபவரை முதலில் மடக்குவது நிரலாக்கமன்று, இந்தக் கணிதமும் ஆங்கில விரிவுரைகளும்தான். தொழில்நெறிப் பாடத்தில் நாட்டின் சட்டங்களுக்கும் இடமுண்டு: 2006இன் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்றாண்டு இளமாணிப் பட்டத்துக்கு 90 திறமைப்புள்ளிகளும் நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 திறமைப்புள்ளிகளும் வேண்டும்.

சப்ரகமுவ மாகாணத்தின் அரச பல்கலைக்கழகம் இரத்தினபுரி மாவட்டத்தில், பலாங்கொடையை அடுத்த பெலிஹுல்ஓயாவில் இருக்கிறது. 1995இல் நிறுவப்பட்ட அதில் கணினியும் தகவல் முறைமைகளும், மென்பொருள் பொறியியல் ஆகிய துறைகளில் பட்டம் பெறலாம். பல்கலைக்கழகம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் பலாங்கொடை, இறக்குவானைத் தோட்டத்து மாணவருக்கு அங்கே இடம் கிடைத்துவிடாது. அனுமதி உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைப் பொறுத்தது.

பெரும்பாலான விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு நெடுங்காலமாக உள்ள அனுமதி முறையில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இரத்தினபுரி அந்தப் 16இல் ஒன்று. சப்ரகமுவத்தின் மற்ற மாவட்டமான கேகாலை அதில் இல்லை. இதனால் தெரணியகலை, யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் கிடையாது. எல்லைக்கு இருபுறமும் லயத்து வாழ்க்கை ஒன்றாக இருக்கும்போது, மாவட்டத்தின் பொதுச் சராசரியை வைத்துத் தோட்டப் பிள்ளையை அளப்பது நியாயமாகப் படவில்லை.

வெட்டுப்புள்ளி கிடைக்காதவருக்கு வெளிவாரிப் படிப்பு இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப இளமாணி அவ்வகையில் முன்னோடி. இப்போது அதை அப்பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி நடத்துகிறது. இதில் கட்டணம் உண்டு என்றாலும் இசட் புள்ளி கேட்பதில்லை. இணையவழிப் பாடங்களைக் கொண்டு வேலை பார்த்தபடியே படிக்கலாம். முதலாம் ஆண்டை முடித்தவர் டிப்ளோமாவோடும், இரண்டாம் ஆண்டை முடித்தவர் உயர் டிப்ளோமாவோடும் வெளியேறலாம். வீட்டுச் செலவுக்காக இடையில் வேலைக்குப் போக நேரும் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு பெரிய உதவி. உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி இல்லாதவரும் தகவல் தொழில்நுட்ப அடித்தளப் படிப்பின் வழியாக உள்ளே வரலாம். கணினிப் பயன்பாடு, ஆங்கிலம், கணிதம் என்ற மூன்றுமே அதன் பாடங்கள்.