சேரன்மாதேவிக்கு வந்த மூணு பிரெஞ்சு வார்த்தைகள்

நாலு மாசமா பிரெஞ்சு படிச்சிட்டிருக்கேன் மக்களே. ஆன்லைன் வகுப்புதான். டீச்சர் சென்னையில், நான் பாளையங்கோட்டையில். கூடப் படிக்கிறவங்களில் பாதிப் பேர் கனடாவுக்குப் போகிற அவசரத்தில் இருக்காங்க, மீதிப் பேர் காலேஜ் பிள்ளைகள். ஐம்பது தாண்டின ஆள் நான் ஒருத்தன்தான். டீக்கடையில் விஷயம் தெரிஞ்சதும் ஒரு அண்ணாச்சி, "என்னவே, இந்த வயசுல பிரெஞ்சு படிச்சு பாண்டிச்சேரிக்கு மருமகனா போகப் போறீரா?"ன்னு கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது :-) ஆனா எதுக்குப் படிக்கிறேன்னு ஒரு காரணம் இருக்கு. கடைசியில் சொல்றேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கிடுங்க.

முதல் மாசம் எண்கள். எழுபதுக்குத் தனி வார்த்தை கிடையாது, 'அறுபது-பத்து'. எண்பது 'நாலு இருபது'. தொண்ணூறு 'நாலு-இருபது-பத்து'. வகுப்பில் எல்லாரும் தலையில் அடிச்சுக்கிட்டாங்க. நான் அடிச்சுக்கலை. ஒன்பதுக்குள்ளே பத்தையும், தொண்ணூறுக்குள்ளே நூறையும், தொள்ளாயிரத்துக்குள்ளே ஆயிரத்தையும் ஒளிச்சு வெச்சிருக்கிற மொழிக்காரன் அடுத்தவன் கணக்கைப் பார்த்துச் சிரிக்கலாமா? அப்புறம் அன்னாசிக்கு அவங்களும் 'அனனா'ன்னுதான் சொல்றாங்க. அலமாரி அங்கே 'ஆர்முவார்'. இதெல்லாம் பிரெஞ்சு நமக்குக் கொடுத்ததில்லை, நம்ம கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போனது. தாமிரபரணி கடலில் விழுற புன்னைக்காயலில் உட்கார்ந்து 1549 வாக்கிலேயே தமிழுக்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியார். லத்தீன் இலக்கணச் சட்டையைத் தமிழுக்கு மாட்டிப் பார்த்த அந்தக் கதை தனிப் பதிவுக்கு உரியது. அது கிடக்கட்டும்.

என்னை நிறுத்தி யோசிக்க வெச்சது 'த்யூ', 'வூ' பாடம்தான். 'த்யூ'ன்னா நீ, 'வூ'ன்னா நீங்க. வடநாட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேருக்கு உள்ள 'தூ, தும், ஆப்' பழக்கம் கைகொடுத்தது. நமக்குச் சொல்லவே வேண்டாம். கடவுளுக்கு நீ, கலெக்டருக்கு நீங்க. பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் ஜெபத்தில் கடவுளையே ரொம்ப காலம் 'வூ'ன்னுதான் கூப்பிட்டிருக்காங்க, 1966-லதான் 'த்யூ'வுக்கு மாறினாங்க. அதைவிட முக்கியமான சங்கதி ஒண்ணு: பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்த 1793-ல, இனிமே யாரும் யாரையும் 'வூ'ன்னு கூப்பிட வேண்டாம், எல்லாருக்கும் 'த்யூ'தான்னு புரட்சிக்காரங்க ஏற்பாடு பண்ணினாங்க. மரியாதைச் சொல்லில்தான் மேல் கீழ் ஒளிஞ்சிருக்குங்கிறது அவங்க கணக்கு. சில வருஷத்தில் பழையபடி 'வூ' திரும்பி வந்துட்டுது.

நம்ம பக்கத்து கிராமங்களில் நரைச்ச தலையோட நிக்கிற மனுஷரை பத்து வயசுப் பையன் 'ஏல, வால'ன்னு கூப்பிட்ட காலம் ஒண்ணும் ரொம்பத் தூரத்தில் இல்லை. அந்தப் பாடம் நடந்த ராத்திரி எனக்கு மனசு வகுப்பில் இல்லை.

அடுத்தது பண்பாட்டுப் பாடம். டீச்சர் ஒரு யூரோ நாணயத்தின் படம் காட்டினாங்க. பிரான்ஸ் அச்சடிக்கிற ஒரு யூரோ, ரெண்டு யூரோ நாணயங்களில் ஒரு மரமும் அதைச் சுத்தி மூணு வார்த்தையும் இருக்கும். லிபெர்த்தே, எகாலித்தே, ஃப்ரத்தெர்னித்தே. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். பிள்ளைகள் குறிப்பு எடுத்துக்கிட்டாங்க. எனக்கு ஞாபகம் வந்தது பாரதி. 1906-ல சென்னையில் ஆரம்பிச்ச 'இந்தியா' வாரப் பத்திரிகைக்கு இந்த மூணு வார்த்தையைத்தான் இலட்சிய வாசகமா வெச்சார். அப்போ அவர் பிரெஞ்சு மண்ணை மிதிச்சதுகூடக் கிடையாது. எட்டயபுரத்துக்காரர், நம்ம திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படிச்சவர். 1908-ல கைதுக்குத் தப்பி பாண்டிச்சேரி போனதும் பத்திரிகையும் பின்னாடியே போச்சு. பத்து வருஷம் கழிச்சு திரும்பி வந்து மனைவியோட ஊரான கடையத்தில் இருந்தபோது, அக்கிரகாரம் அவரை எப்படிப் பார்த்ததுங்கிறது நெல்லைக்காரங்களுக்குத் தெரிஞ்ச கதை.

அந்த பிரெஞ்சு ராஜ்யத்திலேயும் சமத்துவம் முழுசா இருந்துட்டுதான்னா, இல்லை. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிச்சேரியில் வாக்காளர் பட்டியலே மூணு: ஐரோப்பியருக்கு ஒண்ணு, 1881 அரசாணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏத்துக்கிட்ட 'ரெனோன்சான்'களுக்கு ஒண்ணு, மத்தவங்களுக்கு ஒண்ணு. சுவரில் எழுதினது ஒண்ணு, பட்டியலில் எழுதினது ஒண்ணு.

இப்போ நான் சொல்ல வந்த ஆளுக்கு வாறேன். வ.வே.சு. ஐயர்.

திருச்சிக்காரர். பாரிஸ்டர் ஆகணும்னு 1907-ல லண்டன் போனவர், இந்தியா ஹவுஸில் சாவர்க்கர் கூட்டத்தில் சேர்ந்தார். 1910-ல போலீஸ் நெருங்கவும் மாறுவேஷத்தில் பாரிஸ் போய், அங்கிருந்து கப்பலேறி அந்த வருஷ டிசம்பரில் பாண்டிச்சேரியில் வந்து இறங்கினார். பிரெஞ்சு தெரிஞ்சவர், லத்தீன் தெரிஞ்சவர், நெப்போலியன் வரலாறு எழுதினவர், திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ஸ்டேஷனில் நம்ம கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கிடைச்சது பாண்டிச்சேரியில், ஐயரிடம். முதல் உலகப் போர் முடிஞ்சு பொதுமன்னிப்பு வந்த பிறகுதான் 1920-ல ஐயர் வெளியே வந்தார். அதாவது பத்து வருஷம் அந்த மூணு வார்த்தைக்குக் கீழே வாழ்ந்த மனுஷர்.

வந்தவர் என்ன செஞ்சார்? நம்ம ஆற்றங்கரைக்கு வந்தார். 1922-ல கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே சேரன்மாதேவிக்கு மாத்தினார். தேசியக் கல்வி, தமிழ் வழிப் பாடம், கைத்தொழில், உடற்பயிற்சி எல்லாம். எண்ணம் அருமையான எண்ணம். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாச் சொல்லி ஐயாயிரம் கொடுத்தது. வெளிநாட்டுத் தமிழர்களும் கொடுத்தாங்க. கொடுத்தவங்களில் எல்லாச் சாதிக்காரரும் உண்டு.

அங்கே ரெண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் சாப்பாடு தனியா நடந்தது. பெத்தவங்க நிபந்தனை அது, வாக்குக் கொடுத்துட்டேன், மீற முடியாதுங்கிறது ஐயர் பக்கத்து நியாயம். ரெண்டே ரெண்டு பையன். ஆனா விஷயம் வெளியே வந்ததும் தமிழ்நாட்டு அரசியலே ரெண்டாப் பிளந்துட்டுது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். ஈ.வெ.ரா. விடாப்பிடியா நின்னார். 1925-ல காந்தியிடம் கேட்டாங்க. இருக்கிற ரெண்டு பேரை விட்டுடலாம், இனிமே சேர்க்கிறவங்க எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும்னு அவர் சொன்ன நடுவழி யாருக்கும் போதலை. காங்கிரஸ் கமிட்டியில் தீர்மானம், ராஜினாமா எல்லாம் நடந்துது. ஐயரும் குருகுலப் பொறுப்பை விட்டு விலகினார்.

அந்த ஜூன் மாசமே பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில், தண்ணியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாத்தக் குதிச்சு, மகளும் போய் அவரும் போயிட்டார். வயசு 44. அந்த நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து ஈ.வெ.ரா. வெளியே வந்தார். அங்கே கதவைத் திறந்துவிட்டது வகுப்புவாரித் தீர்மானம்தான், ஆனா கோபத்துக்கு விறகு சேரன்மாதேவியிலும் அடுக்கினது.

ஐயரை ஒரேயடியா சாதி வெறியர்னு எழுதுறவங்களோட எனக்கு ஒப்புதல் இல்லை. அவரே எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடுறவர்னு கூட இருந்தவங்க சொல்லியிருக்காங்க. அதே சமயம், 'ரெண்டு பையன்தானே, இதுக்கா இவ்வளவு ரகளை'ன்னு கேட்கிறவங்களோடயும் ஒப்புதல் இல்லை. தனி இலையில் சாப்பிட்ட ரெண்டு பையனை மட்டும் எண்ணினா ரெண்டுதான். அதைத் தினமும் பார்த்துக்கிட்டுச் சாப்பிட்ட மத்தப் பையன்களை யாரு எண்ணுறது? சுதந்திரத்துக்காகத் துப்பாக்கி தூக்கத் துணிஞ்சவர், ரெண்டு தகப்பன்மாரிடம் 'முடியாதுய்யா, பையனைக் கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லத் துணியலை. மூணு வார்த்தையில் முதல் வார்த்தைக்கு உயிரைக் கொடுக்கலாம். ரெண்டாவது வார்த்தைக்குச் சமையல்கட்டை மாத்தணும். இது கஷ்டமான வேலை போல.

இதே ஜில்லாவில் இன்னொரு கதை, இதுக்கு 15 வருஷம் முன்னாடி. வள்ளியூர்ப் பக்கம் வடக்கன்குளம். அங்கே 1872-ல திறந்த திருக்குடும்பக் கோவிலைக் கட்டின விதமே விசித்திரம். பீடம் ஒண்ணு, அதிலிருந்து கால்சட்டை மாதிரி ரெண்டு கையாப் பிரியும் கட்டடம். ஒரு கையில் வேளாளரும் அவங்களைச் சேர்ந்தவங்களும், இன்னொரு கையில் நாடார்கள். சாமியார் ரெண்டு பக்கத்தையும் பார்க்கலாம், ஒரு பக்கம் மறுபக்கத்தைப் பார்க்க முடியாது. 1838-க்குப் பிறகு மதுரை மிஷன் பிரெஞ்சு சேசு சபைக்காரர்கள் கையில் இருந்தது. அதனால் இந்தக் கால்சட்டைக் கோவிலுக்குத் தலையாட்டினதும் பிரெஞ்சுக்காரங்கதான்.

இடிச்சதும் பிரெஞ்சுக்காரர்தான். அத்ரியன் கௌசானல் சுவாமியார். பாளையங்கோட்டையில் 1903-ல திரு இருதய சகோதரர்கள் சபையை ஆரம்பிச்சவர். 1910-ல வடக்கன்குளத்தில் தடுப்பை உடைச்சு எடுக்க முன்னால் நின்னார். ஊர் கொந்தளிச்சது, வழக்கு சென்னை ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. கோவிலுக்குள்ளே சாதிப் பிரிவினை எங்க உரிமைன்னு கேட்டவங்க தோத்தாங்க. ஆ. சிவசுப்பிரமணியன் இதைப் பற்றி 'கிறித்தவமும் சாதியும்'னு ஒரு புத்தகமே எழுதியிருக்கார், கட்டாயம் படிங்க. ஒண்ணு கவனிச்சீங்களா? கௌசானலுக்குப் பின்னால் ஒரு நிறுவனமும் பிஷப்பும் இருந்தாங்க. ஐயருக்குப் பின்னால் நன்கொடைப் பெட்டி மட்டும். ஒப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் தட்டில் வைக்கணும்.

சரி, எதுக்குப் பிரெஞ்சுன்னு ஆரம்பத்தில் விட்டேனே. ஆதிச்சநல்லூருக்கு 1876-ல ஜெர்மன்காரர் ஜாகர் வந்து தோண்டி பெர்லினுக்கு எடுத்துட்டுப் போனார், அலெக்சாண்டர் ரீ தோண்டினது எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு, இது எல்லாருக்கும் தெரியும். இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் லூயி லாபிக்னு ஒரு பிரெஞ்சுக்காரரும் வந்தார். நரம்பு பற்றின ஆராய்ச்சியில் பேர் வாங்கின உடலியல் அறிஞர். மனித இனங்களைப் பிரிக்கிற ஆசையில் தென்னிந்தியா வந்து மண்டை ஓடுகளை அளந்தவர். அந்தக் காலத்து இனக்கொள்கை இன்னைக்கு எடுபடாது. ஆனா தாமிரபரணித் தென்கரையில் அவர் என்ன பார்த்தார்ங்கிறது அவர் எழுதின பிரெஞ்சில்தான் இருக்கு. நம்ம பக்கத்துப் புத்தகங்களில் அவர் ஒரு வரி, அதுவும் ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எழுதின வரி.

கௌசானல் காலத்துச் சாமியார்கள் சபைக்கு எழுதின கடிதமும் அறிக்கையும் பிரெஞ்சுதான். நம்ம ஊர்ச் சண்டை, நம்ம ஊர்ச் சாதி, நம்ம ஊர்ப் பஞ்சம், காலரா எல்லாம் அந்த மொழியில் கிடக்கு. மதுரை மிஷனின் பழைய தாள்களைக் கொடைக்கானல் மலையில் செண்பகனூரில் சேசு சபையார் பத்திரமா வெச்சிருக்காங்க. என் பிரெஞ்சு இப்போதைக்கு ரொட்டி வாங்கவும் மணி கேட்கவும்தான் காணும். எழுத்தில் மட்டும் வர்ற பழைய இறந்தகால வினை வடிவம் ஒண்ணு இருக்காம், அது மேல் வகுப்பில்தான் வரும்னு டீச்சர் சொல்லிட்டாங்க. அந்தக் காலத்துப் புத்தகத்தில் வினைச்சொல் பாதி அதில்தான் இருக்கும். அதனால் அந்த ஒரு அட்டவணையை மட்டும் இப்பவே தனியா மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன். உங்களில் யாராவது செண்பகனூர் போய் வந்திருந்தா, உள்ளே உட்கார்ந்து படிக்க யாரிடம் எழுதிக் கேட்கணும்னு சொல்லுங்க. பங்குனி வெயிலுக்கு முன்னால் ஒரு நடை போய்ட்டு வரணும்.